வெல்லம்பிட்டிக் காணியா, கிராண்ட்பாஸ் ஸ்டோரா?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கிறார். வெல்லம்பிட்டிப் பக்கம் 22 பேர்ச் (ஒரு பேர்ச் ஏறக்குறைய 25 சதுர மீற்றர்) காணி ஒன்று மலிவு விலைக்கு வந்திருக்கிறது. பாதி மண் போட்டு நிரப்பியது, மீதி புல்லும் தண்ணீரும். "இப்ப வயல் என்றுதான் இருக்கு, நான் வீட்டுக் காணியா மாத்தித் தாறன், அஞ்சு இலட்சம் செலவாகும்" என்கிறாராம் தரகர். மாதக் கடைசிக்குள் முற்பணம் கேட்கிறாராம். அந்தக் காசுக்காக, அப்பா விட்டுப்போன 8 பேர்ச் கிராண்ட்பாஸ் ஸ்டோரை, அதாவது பழைய சரக்குக் கிடங்கை, விற்கப் போகிறார் தம்பி. அதில் இருந்த வாடகைக்காரர் போய்விட்டாராம். "ஸ்டோர் வியாபார இடம், அதில் குடியிருக்க விடமாட்டார்கள். காணியை மாற்றி வீடு கட்டுவதுதான் வழி, இல்லையா?" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, முற்பணம் கொடுக்காதீர்கள். ஸ்டோரையும் இப்போதைக்கு விற்காதீர்கள். இந்த ஊரில் வீட்டுப் பிளான் கீறிக்கொண்டு, மாநகர சபைக்கும் பத்தரமுல்லையில் இருக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் முப்பது வருடமாக நடக்கிறவன் நான். நீங்கள் சொல்லும் இரண்டு இடங்களில் குடியிருப்புக்கு மாற்றச் சுலபமானது ஸ்டோர்தான். வெல்லம்பிட்டிக் காணி அநேகமாக மாறவே மாறாது. உங்களுக்கு யாரோ தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"காணியை மாற்றுவது" என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று வேறு வேறு வேலைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் நடைமுறை வேறு, கையெழுத்துப் போடுகிறவர் வேறு. தரகர் எதை மாற்றித் தருகிறேன் என்கிறார் என்று கேட்டுப் பாருங்கள், அவரால் சொல்ல முடியாது.

முதலாவது, வலயம். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது நகர அபிவிருத்தி அதிகார சபை, நாங்கள் யூ.டி.ஏ. என்கிறோமே அதுதான். அது ஒரு பிரதேசத்தை நகர அபிவிருத்திப் பிரதேசமாக அறிவித்து அபிவிருத்தித் திட்டம் ஒன்றைத் தயாரிக்கும். அந்தத் திட்டப் படத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம். குடியிருப்பு, கலப்பு, வர்த்தகம், கைத்தொழில், சதுப்பு நிலப் பாதுகாப்பு என்று. திட்டம் அமைச்சரின் அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வந்துவிட்டால் அது சட்டம். ஒரு ஆளுடைய 22 பேர்ச்சுக்கு மட்டும் நிறம் மாற்றித் தரும் கவுண்டர் எந்தக் கந்தோரிலும் இல்லை. நிறம் மாற வேண்டுமென்றால் திட்டமே திருத்தப்பட வேண்டும், மறுபடி அமைச்சர், மறுபடி வர்த்தமானி. திருத்தம் வரும்போது வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். அப்போது நீங்கள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். அதற்கு வருடக் கணக்காகும்.

இரண்டாவது, பயன்பாடு. நிறம் அப்படியே இருக்க, அந்த நிறத்துக்குள் அனுமதிக்கப்பட்ட ஒரு பாவனையில் இருந்து இன்னொன்றுக்குப் போவது. ஸ்டோரை வீடாக்குவது, வீட்டை டியூஷன் வகுப்பாக்குவது எல்லாம் இதில் வரும். யூ.டி.ஏ. சட்டம் "அபிவிருத்தி வேலை" என்று சொல்வதில் கட்டடம் கட்டுவது, காணியைத் துண்டு போடுவது ஆகியவற்றோடு காணியின் அல்லது கட்டடத்தின் பாவனையை மாற்றுவதும் சேரும். ஆகவே ஒரு செங்கல்லைக்கூட அசைக்காமல் ஸ்டோருக்குள் கட்டில் போட்டுப் படுத்தாலும் அனுமதி வேண்டும். ஆனால் இது சாதாரணமாகக் கிடைக்கிற அனுமதி. நான் கொண்டுபோன பிளான்களில் நிறைய இந்த வகைதான்.

மூன்றாவதுதான் ஆட்களை விழுத்துகிற இடம்: நிலமே தண்ணீருக்கும் வயலுக்கும் உரியதாக இருப்பது. உங்கள் வெல்லம்பிட்டிக் காணி இங்கேதான் நிற்கிறது.

வயல் என்றால் யூ.டி.ஏ. மட்டும் சொல்லி முடியாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கிறது. கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்புவது குற்றம். மாநகர சபை, பிரதேச சபை, கிராம சேவகர், யார் கடிதம் தந்தாலும் அந்த அனுமதிக்கு ஈடாகாது. "பத்து வருடமாக விதைக்கவில்லையே" என்பார்கள். விதைக்காமல் விட்டதால் வயல் என்ற பெயர் போய்விடாது. கமநல சேவை நிலையத்தில் இருக்கும் பதிவேட்டில் அது நெற்காணி என்று இருந்தால் நெற்காணிதான். விண்ணப்பித்தால் அவர்கள் வந்து பார்ப்பார்கள். பக்கத்து வயலுக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது, இதை மூடினால் எங்கே தேங்கும் என்று பார்த்துத்தான் மேலே அறிக்கை அனுப்புவார்கள். பாதிக் காணியை ஏற்கனவே நிரப்பியிருக்கிறார்கள் என்கிறீர்கள். அதற்கு அனுமதிக் கடிதம் எங்கே என்று கேளுங்கள். கடிதம் இல்லையென்றால், இன்னொருவர் செய்த குற்றத்தைக் காசு கொடுத்து உங்கள் பெயருக்கு எழுதிக்கொள்கிறீர்கள். மண்ணை அள்ளிப் பழையபடி ஆக்கு என்று உத்தரவு வந்தால் அது காணி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான்.

வயலாக இல்லாமல் வெறும் சதுப்பாக இருந்தால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் வரும். 1968ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் தொடங்கியது. பழைய ஆட்கள் இன்னும் ரெக்லமேஷன் என்றுதான் சொல்வார்கள். தாழ்நிலம் என்று அறிவிக்கப்பட்ட பகுதியில் அவர்களுடைய அனுமதி இல்லாமல் ஒரு லொறி மண் கொட்ட முடியாது. அவர்கள் கடல் மட்டத்தில் இருந்து உங்கள் காணி எவ்வளவு உயரம் என்று போட்ட மட்டங்களோடு நில அளவைப் படம் கேட்பார்கள். கால்வாய் ஒதுக்கம் எவ்வளவு விட வேண்டும் என்பார்கள். அந்த ஒதுக்கத்தைக் கழித்தால் சில காணிகளில் மிஞ்சுவது கோழிக்கூடு கட்டத்தான் காணும்.

இதையெல்லாம் அதிகாரிகளின் பிடிவாதம் என்று நினைத்துவிட வேண்டாம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது, தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் வெல்லம்பிட்டியில் எனக்குத் தெரிந்த ஒருவரின் வீட்டுக்குப் போனேன். நிரப்பிய காணி, புது வீடு. பிளான் நான் கீறியதல்ல, ஆனால் மனுஷன் எனக்குப் பழக்கம். சுவரில் சேற்றுக் கோடு. கையோடு கொண்டுபோன டேப்பைப் பிடித்துப் பார்த்தேன்: தரையில் இருந்து 4 அடி 2 அங்குலம். அலுமாரியின் கீழ்த்தட்டில் பொலித்தீன் உறைக்குள் வைத்திருந்த காணி உறுதியையும் தண்ணீர் விடவில்லை. அவருடைய மனைவி அதை ஒவ்வொரு தாளாகப் பிரித்து, மாடிப்படியில் வரிசையாக விரித்து, மேலே கரண்டிகளைப் பாரம் வைத்திருந்தார். முத்திரைகளின் மை ஊதா நிறமாக ஊறிப் பரவியிருந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா, அங்கேயே பிறந்து வளர்ந்தவர், வேலியோரம் நின்று சொன்னார்: முந்தி இந்த இடம் வயலாக இருந்த காலத்தில் தண்ணீர் எங்கள் வாசல் படியோடு நின்றுவிடும், இப்போது குசினிக்குள் வருகிறது என்று. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. நாம் ஒரு காணியை நிரப்பும்போது அந்தத் தண்ணீர் எங்கேயும் ஒழிந்துபோவதில்லை, பக்கத்து வீட்டுக் குசினிக்குப் போகிறது.

2010 நவம்பரில் ஒரு இரவு மழைக்குப் பாராளுமன்றத்தைச் சுற்றியே வெள்ளம் நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கொலன்னாவை, ஹீன் எல, தலங்கம, பெத்தகான என்று ஊரைச் சுற்றி இருக்கும் சதுப்புகள்தான் மழை பெய்யும்போது தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுகின்றன. 2018இல், ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் கொழும்பை ஈரநில நகரம் என்று அங்கீகரித்தார்கள். அதற்குப் பிறகு சதுப்பில் வீட்டுக்கு அனுமதி கேட்டுப் போனால் முன்னையைவிட இறுக்கமாகத்தான் பார்க்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம் இல்லை. பெரிய கைகளுக்கும் இது நடந்திருக்கிறது. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென்று அரசு சுவீகரித்த சதுப்புக் காணி பிறகு தனியார் கொல்ஃப் மைதானத்துக்குப் போனது. 2008 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்தக் கொடுக்கல் வாங்கலையே செல்லாதென்று தீர்த்து, காணியைத் திருப்பி எடுக்கச் சொல்லி, முன்னாள் ஜனாதிபதியை 30 இலட்சம் ரூபா கட்டச் சொன்னது. வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கு என்றால் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது அந்த உறுதியைக் கையில் எடுங்கள். எடுக்க விடமாட்டார்கள் என்றால் ஒரு பிரதியாவது வாங்குங்கள். காணியின் பெயரைப் பாருங்கள். இந்தப் பக்கத்துக் காணிகளுக்குப் பெரும்பாலும் சிங்களப் பெயர்தான் இருக்கும், அதன் வால் சொல் கதை சொல்லும். தெல்கஹவத்த, கொஸ்கஹவத்த என்று "வத்த"வில் முடிந்தால் மேட்டுத் தோட்டம். "கும்புர" என்று முடிந்தால் வயல். "ஓவிட்ட" என்றால் வயலை அண்டிய சற்று மேடான நிலம், "தெனிய" என்றால் பள்ளம். உறுதியில் கும்புர என்றும், புதிதாக அளந்த படத்தில் தோட்டம் என்றும் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். நில அளவையாளர் அளந்த நாளில் தரையில் என்ன கண்டாரோ அதைத்தான் படத்தில் எழுதுவார். மண் கொட்டி வாழை நட்டிருந்தால் அவர் கண்ணுக்கு அது தோட்டம். அவருடைய படம் காணியின் சட்ட நிலையை மாற்றாது. அதேபோல, மதிப்பீட்டு வரி கட்டிய ரசீது, லைட் கனெக்ஷன், பக்கத்தில் ஏற்கனவே நாலு வீடு இருக்கிறது என்பது, இதில் எதுவும் குடியிருப்பு அனுமதி ஆகாது. பக்கத்து நாலு வீட்டிலும் எத்தனை வீட்டுக்குப் பிளான் பாஸ் ஆகியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இங்கே காணி தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு பரப்பு என்றால் வேலி அடைத்த, கிணறு வெட்டிய, காய்ந்த நிலம். இங்கே 22 பேர்ச், அதாவது இரண்டு பரப்புக்குக் கொஞ்சம் மேல், சந்தை விலையில் பாதிக்கு வருகிறது என்றால் அந்த மீதிப் பாதியைத் தண்ணீர் வைத்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு அடி தோண்டினால் தண்ணீர் வரும் இடத்தில் மலசலகூடக் குழி வேலை செய்யாது. வீடு கட்டி முதல் மாரியிலேயே அது தெரிந்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் மனம் கேட்கவில்லையென்றால், ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். காணி கொலன்னாவை நகர சபைக்குள் வருகிறதா, கொட்டிகாவத்தை–முல்லேரியா பிரதேச சபைக்குள் வருகிறதா என்று பாருங்கள். பிறகு, விற்கிறவரையே அவர் பெயரில் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் பி.பி.சி. (PPC) என்று கேட்டால் கந்தோரில் புரியும். இந்தக் காணியில் ஒரு வீடு கட்டலாமா, என்ன நிபந்தனை, யார் யாருடைய சம்மதம் வேண்டும் என்று எழுத்தில் பதில் வரும். அந்தக் கடிதம் ஒரு வருடத்துக்குச் செல்லுபடியாகும். உண்மையிலேயே மாற்றக்கூடிய காணி என்றால் விற்கிறவருக்கு அதைச் செய்வதில் ஒரு கஷ்டமும் இல்லை, கையில் அந்தக் கடிதம் இருந்தால் அவருக்கு விலையும் கூடும். மாட்டேன் என்று சொன்னால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. முற்பணம் கொடுக்கத்தான் வேண்டும் என்று வந்தால், அனுமதி மறுக்கப்பட்டால் காசு திரும்ப வரும் என்ற நிபந்தனையோடு நொத்தாரிசு முன்னால் உடன்படிக்கை எழுதுங்கள். 1840ஆம் ஆண்டில் இருந்தே இந்த நாட்டில் காணி பற்றிய உடன்படிக்கை நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் நிற்காது. தரகர் கொப்பித் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தருவதை நம்ப வேண்டாம்.

சரி, ஸ்டோருக்கு வருவோம். எனக்கு இதைப் பற்றிப் பேசத்தான் விருப்பம்.

கிராண்ட்பாஸ், புளுமெண்டால், கொட்டாஞ்சேனைப் பக்கம் துறைமுகத்தை நம்பிக் கட்டிய பழைய ஸ்டோர்கள் நிறைய. கொள்கலன் லொறிகள் வந்த பிறகு ஒடுக்கமான சந்துகளில் இருக்கும் சின்ன ஸ்டோர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. மாநகர எல்லைக்குள் பல இடங்கள் கலப்பு அபிவிருத்தி வலயம், வீடும் கட்டலாம், கடையும் போடலாம். உங்கள் ஸ்டோர் எந்த வலயத்தில் இருக்கிறது, குடியிருப்பு அனுமதிக்கப்பட்டதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அநேகமாக உங்களுக்கு எந்த நிறமும் மாற வேண்டியிருக்காது. இவ்வளவு நாளும் வியாபார வரி கட்டியதால் அது வியாபார இடம் என்று நினைத்திருக்கிறீர்கள். வரி கட்டுவது இன்றைய பாவனைக்கு. நாளைக்கு என்ன கட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது திட்டம்.

8 பேர்ச் என்றால் ஏறக்குறைய 202 சதுர மீற்றர். தனிக் காணித் துண்டுக்கு வழக்கமாகக் கேட்கும் குறைந்த அளவு 150 சதுர மீற்றர், அதற்கு மேலே நிற்கிறீர்கள். குடியிருப்புக்குக் காணியில் பொதுவாக 65 சதவீதம் மூடலாம் என்று எடுத்தால் ஒரு மாடிக்கு 1,400 சதுர அடி வருகிறது. இரண்டு மாடி கட்டினால் அம்மாவுக்குக் கீழே ஒரு அறை, பிள்ளைகளுக்கு மேலே இரண்டு, தாராளமாகப் போதும். ஆனால் பழைய ஸ்டோர் என்றால் நாலு பக்கமும் எல்லைச் சுவரோடு சுவராகக் கட்டியிருப்பார்கள். அதை அப்படியே வீடாக்க முடியாது. இரண்டு மாடி உயரத்துக்குப் பின்பக்கம் 2.3 மீற்றர் திறந்த வெளி விட வேண்டும், ஒவ்வொரு அறைக்கும் வெளிச்சமும் காற்றும் வர வேண்டும், ஒரு வாகனம் நிற்க இடம் வேண்டும். கூரையைக் கழற்றிப் பின்சுவரை உள்ளே எடுப்பதா, முழுதாக உடைத்துக் கட்டுவதா என்பது சுவரைப் பார்த்தால்தான் சொல்லலாம். எனக்கு உடைத்துக் கட்டுவதில்தான் நம்பிக்கை. பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் மாடி ஏற்றுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உடைக்க முதல் பார்க்க வேண்டியது வீதிக்கோடு. மாநகர சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுங்கள். எதிர்காலத்தில் வீதி அகலிப்பதற்கு உங்கள் காணிக்குள் எவ்வளவு தூரம் கோடு வருகிறது என்று அதில் இருக்கும். பழைய கட்டடம் இருக்கும்வரை அந்தக் கோடு உங்களைத் தொந்தரவு செய்யாது. உடைத்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போனால் கோட்டுக்கு உள்ளேதான் கட்ட வேண்டும். ஐந்து அடி உள்ளே வந்தால் 8 பேர்ச்சில் அது பெரிய இழப்பு. இதை அறியாமல் உடைத்துவிட்டு, முன்னறையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். வெள்ளத்தையும் விசாரியுங்கள். நாகலகம் வீதியில் களனி ஆற்றின் உயரம் பார்க்கும் அளவுகோல் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது, கிராண்ட்பாஸிலும் தாழ்ந்த சந்துகள் உண்டு. 2016இல் ஸ்டோருக்குள் தண்ணீர் வந்ததா என்று பக்கத்துக் கடைக்காரர்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். வந்திருந்தால் தளத்தை உயர்த்திக் கீறுவோம்.

அப்புறம், உறுதி இன்னும் அப்பாவின் பெயரில் இருக்கிறதா? சகோதரங்கள் இருந்தால் அவர்களுடைய பங்கு என்ன? விண்ணப்பம் போடுகிறவர் உரிமையாளராக இருக்க வேண்டும், அதனால் முதலில் ஒரு நல்ல சட்டத்தரணியிடம் போய் இதை முடியுங்கள். வாடகைக்காரர் போய்விட்டார் என்கிறீர்கள். சாவியை எழுத்தில் ஒப்படைத்தாரா என்றும் பாருங்கள். வாடகைச் சட்டம் பழைய வாடகைக்காரருக்கு நிறையப் பாதுகாப்புக் கொடுக்கிறது, வாய்ப்பேச்சில் விட்டுவைக்க வேண்டாம்.

பிளான் மாநகர சபையின் திட்டமிடல் குழுவுக்குப் போகும். அனுமதி வந்த பிறகு கட்டி, முடிந்ததும் பொருந்துகைச் சான்றிதழ், சி.ஓ.சி., எடுக்க மறக்காதீர்கள். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் பிளான் பாஸ் ஆனதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வீட்டில் குடியேறுவதே சட்டப்படி பிழை. பத்து வருடம் கழித்து மகளின் படிப்புக்கு வங்கிக் கடன் கேட்கும்போது வங்கிச் சட்டத்தரணி முதலில் கேட்பதும் அதைத்தான். தாமதம் வரும். ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்புவார்கள். அப்போது யாராவது வந்து "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால், என்ன தாள் குறைகிறது என்று கோப்பைக் கையாளும் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமே நேரில் கேளுங்கள். அவர்கள் சொல்வார்கள். பொறுமையாகக் கேட்கிறவருக்குச் சொல்லாத உத்தியோகத்தரை நான் அதிகம் கண்டதில்லை.

சனிக்கிழமை ஸ்டோரைத் திறந்து வையுங்கள், வந்து பார்க்கிறேன். அப்பாவின் பழைய நில அளவைப் படம் கிழிந்திருந்தாலும் எடுத்து வையுங்கள், ஒட்டிப் பார்த்துக்கொள்வோம். கடைசியாகக் கட்டிய வரி ரசீதும் வேண்டும், அதில் மதிப்பீட்டு இலக்கம் இருக்கும். கதவோரச் சுவரில் பழைய வெள்ளக் கோடு ஏதாவது தெரிகிறதா என்றும், சுண்ணாம்பு பூச முதல், பார்த்து வையுங்கள்.